கொறங்காட்டு இட்டேரிகளில் மிதிவண்டிப் பயணம்

இட்டேரி என்பது கொங்கு நாட்டில் இரு நிலங்களுக்கு இடையே, இருபுறமும் உயிர்வேலி அமைந்து செல்லும் குறுகிய மண்பாதை ஆகும். கொறங்காடு என்பது அதே பகுதியில் வேலியிட்டுப் பேணப்படும் மானாவாரி மேய்ச்சல் நிலத்தின் பெயர். திருப்பூர் மாவட்டத்தின் காங்கயம், வெள்ளகோவில், முத்தூர், மூலனூர், தாராபுரம் பகுதிகளிலும், அவற்றை ஒட்டிய ஈரோடு, கரூர் மாவட்டப் பகுதிகளிலும் இவை இரண்டும் சேர்ந்தே காணப்படுகின்றன. பெரிய ஏற்றமோ செங்குத்தான இறக்கமோ இல்லாத இந்தத் தடங்களில், அகன்ற டயர் பொருத்திய மலை மிதிவண்டியைத் தொடக்க நிலையில் உள்ளவர்களும் ஓட்டிச் செல்லலாம். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு நகரங்களிலிருந்து காலையில் வந்து உச்சிப்பொழுதுக்குள் திரும்பிவிடக் கூடிய தொலைவிலேயே இந்நிலம் உள்ளது.

பயணம் எளிதாக இருப்பதற்கு நிலம் மட்டும் காரணமன்று. மேய்ச்சல் காடு, அதன் வேலி, வேலிகளுக்கு இடைப்பட்ட தடம் ஆகிய மூன்றும் ஒரே ஏற்பாட்டின் உறுப்புகள். அவற்றுள் ஒன்று போனால் மற்ற இரண்டும் நிற்பதில்லை.

பெயர்

கொங்குத் தமிழில் காடு என்ற சொல் பெரும்பாலும் வனத்தைக் குறிப்பதில்லை. கிணற்றுப் பாசனம் உள்ள நிலம் தோட்டம் எனப்படும். மழையை நம்பிய புன்செய் நிலம் காடு எனப்படும். சோளக்காடு, கம்பங்காடு, மேட்டாங்காடு என்பன இவ்வாறு அமைந்த பெயர்களே. எனவே கொறங்காட்டைத் தேடி வரும் வெளியூரார் அடர்ந்த மரங்களை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். கொரங்காடு என்றும் இது எழுதப்படுகிறது.

இட்டேரி என்பதை இட்டேறி என்றும் எழுதுவர். இட்டு என்ற சொல்லுக்கு ஒடுக்கம் என்ற பொருளும் தமிழில் உண்டு. ஒடுங்கிய இடையை இட்டிடை என்பதில் அதனைக் காணலாம். மாட்டு வண்டி ஒன்று செல்லும் அளவுக்கு அகன்றதை வண்டித்தடம் என்றும் வழங்குவர். பேச்சு வழக்கில் இவற்றுக்கிடையே கறாரான எல்லை கிடையாது.

நிலமும் காலநிலையும்

உலகின் காலநிலைகளை எழுத்துக் குறியீடுகளால் வகைப்படுத்திய விளாதிமிர் கோப்பென் என்பவரின் முறையில் இப்பகுதி 'பிஎஸ்எச்' என்னும் வெப்பமான அரைவறள் வகையில் அடங்கும். இதில் முதல் எழுத்து வறட்சியையும், இரண்டாவது எழுத்து ஸ்டெப்பி என்னும் புல்வெளியையும், மூன்றாவது வெப்பத்தையும் குறிக்கின்றன. ஆண்டின் இரு பாதிகளிலும் ஓரளவு மழை பெறும் இடங்களுக்கு இதன் கணக்கு எளிது. ஆண்டுச் சராசரி வெப்பநிலையை 20ஆல் பெருக்கி 140ஐக் கூட்ட வேண்டும். சராசரி 27 பாகை செல்சியசு எனில் விடை 680. ஆண்டு மழை 680 மில்லிமீட்டருக்குக் குறைவாகவும் அதன் பாதியான 340க்கு மேலாகவும் இருந்தால் அந்நிலம் ஸ்டெப்பி வகை. பாதிக்கும் கீழே போனால் பாலை. காங்கயம் வட்டாரம் பெறும் மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் அளவிலேயே அமைவதால், அது முதல் வகையில் விழுகிறது.

யூரேசியாவின் ஸ்டெப்பிப் புல்வெளிகளை இத்துடன் அப்படியே ஒப்பிடுவது பொருந்தாது. உக்ரைன் முதல் மங்கோலியா வரை பரந்துள்ள அப்புல்வெளிகளில் மரங்கள் அரிது. குளிர்காலத்தில் பனி உறையும். கொறங்காட்டில் புல்லுக்கு இடையே மரங்கள் நிற்கின்றன. குளிர் என்பது மார்கழி விடியலோடு முடிந்துவிடும். மங்கோலியாவின் மேய்ச்சல் வெளிகள் பெரும்பாலும் வேலியின்றித் திறந்தவை. இங்கோ ஒவ்வொரு சில ஏக்கருக்கும் ஒரு வேலி. ஆகவே ஸ்டெப்பி என்பது இங்கே காலநிலையின் பெயர் மட்டுமே. தாவர அமைப்பைக் கருதினால் மரங்கள் விரவிய புல்வெளி என்பதே சரி.

வறட்சிக்குக் காரணம் மேற்குத் தொடர்ச்சி மலை. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை மலையின் மேற்குச் சரிவிலும் முகட்டிலும் பொழிந்துவிட்டுக் கிழக்கே இறங்குகிறது. ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெறும் வால்பாறைக்கும் காங்கயத்துக்கும் இடையே நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் மட்டுமே. இப்பகுதிக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. சித்திரை, வைகாசியில் இடியுடன் பெய்யும் கோடை மழையும் புல்லுக்கு உயிர் தருவதாகும்.

நிலத்தின் சரிவு மிகக் குறைவு. கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 410 மீட்டர் உயரத்திலும், கிழக்கே உள்ள கரூர் ஏறத்தாழ 120 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இரண்டுக்கும் இடையே சாலைத் தொலைவு 125 கிலோமீட்டர் அளவாகும். அதாவது சராசரியாகக் கிலோமீட்டருக்கு இரண்டரை மீட்டர்கூடச் சரிவு இல்லை. இவ்வளவு குறைந்த சரிவை மிதிவண்டி ஓட்டுபவர் கால்களால் உணர முடியாது. இடையிடையே பள்ளம் என்று வழங்கப்படும் சிற்றோடைகளைக் கடக்கும்போது மட்டும் சில மீட்டர் இறங்கி ஏற வேண்டியிருக்கும்.

சமவெளியில் தனித்து எழுந்து நிற்கும் குன்றுகள் திசை அறிய உதவுகின்றன. காங்கயத்துக்கு வடமேற்கே சிவன்மலை, வடக்கே சென்னிமலை, தெற்கே தாராபுரம் செல்லும் வழியில் ஊதியூர் மலை ஆகியவை பல கிலோமீட்டர் தொலைவிலிருந்து தெரிவன. மண் பெரும்பாலும் சரளை கலந்த செம்மண். சில இடங்களில் சுக்கான் கல் மேலே தெரியும். சரளைச் செம்மண் மழை நின்ற சில மணி நேரத்தில் நீரை வடித்துக் கெட்டிப்பட்டுவிடும். பல்லடம், உடுமலைப்பேட்டைப் பக்கங்களில் குறுக்கிடும் கரிசல் மண் அவ்வாறன்று. நனைந்தால் டயரிலும் தடையிலும் அப்பிக்கொண்டு சக்கரத்தையே சுழலவிடாது. மழைக்கு மறுநாள் செம்மண் தடத்தைத் தேர்வதே அறிவுடைமை.

இந்நிலத்தில் வழிகள் மிகப் பழமையானவை. நொய்யல் ஆற்றின் கரையில் உள்ள கொடுமணல், பதிற்றுப்பத்தில் கொடுமணம் எனக் குறிக்கப்படும் ஊர் எனக் கருதப்படுகிறது. அங்கு அகழாய்வில் மணிகள் செய்த பட்டறைகளும், இரும்பு உருக்கிய உலைகளும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்துள்ளன. காங்கயத்தை அடுத்த படியூர் பச்சைக்கல் எனப்படும் பெரில் மணிக்குப் பெயர் பெற்றது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரையையும் கொங்கு நாட்டையும் இணைத்த இராசகேசரிப் பெருவழியைக் குறிக்கும் கல்வெட்டு கோயம்புத்தூர் அருகே சுண்டக்காமுத்தூர்ப் பகுதியில் உள்ளது. பெருவழிகளுக்குக் கல்வெட்டு உண்டு. இட்டேரிகளுக்கு வேலிதான் எல்லைக்கல்.

கொறங்காட்டின் அமைப்பு

கொறங்காடு இயற்கையாக விளைந்த புல்வெளி போலத் தோன்றினாலும் அது உழவர்களால் உருவாக்கப்பட்டுப் பேணப்படுவது. பெரும்பாலும் தனியாருக்குச் சொந்தமான பட்டா நிலம். அதில் புல், மரம், வேலி என மூன்று அடுக்குகள் உள்ளன.

முதன்மையான புல் கொழுக்கட்டைப் புல். வேர் ஆழமாக இறங்குவதால் பல மாதங்கள் மழையின்றிக் காய்ந்து கிடந்தாலும் ஒரு மழையில் மீண்டும் துளிர்க்கும். இதே புல் ஆஸ்திரேலியாவின் வறண்ட பகுதிகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே கால்நடை வளர்ப்போரால் சிறந்த தீவனமாகவும் சூழலியலாளரால் ஆக்கிரமிப்புக் களையாகவும் கருதப்படுகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கொறங்காட்டை உழுது, சோளமோ கொள்ளோ விதைத்து, பின்னர் மீண்டும் புல்லுக்கு விடுவர். இதனால் இறுகிய மண் இளகிப் புதிய புல் எழும்.

மரங்களில் முதன்மையானது வெள்வேல். குடைபோல் விரிந்த இதன் நிழலில் கால்நடைகள் உச்சி வெயிலைக் கழிக்கின்றன. புல் காய்ந்துவிடும் மாதங்களில் இதன் காய்கள் உதிர்ந்து ஆடுகளுக்குத் தீவனமாகின்றன. அவற்றின் சாணத்தில் வெளிப்படும் விதைகளிலிருந்து புதிய கன்றுகள் முளைக்கின்றன. வேம்பு, பனை, ஊஞ்சை ஆகியனவும் ஆங்காங்கே நிற்கும். ஊஞ்சை என்பது பிற பகுதிகளில் உசிலை எனப்படும் மரம். இதன் இலையை உலர்த்தி இடித்த பொடியே கொங்கு நாட்டார் தலைக்குத் தேய்த்துக் குளிக்கும் அரப்பு.

மூன்றாவது அடுக்கான வேலி கிளுவையால் ஆனது. வெள்ளைப்போளம் தரும் மரத்தின் பேரினத்தைச் சேர்ந்த முட்புதர் இது. கிளைகளை வெட்டி நெருக்கமாக நட்டாலே வேர் பிடித்துவிடும். ஆண்டுகள் செல்லச் செல்ல கிளைகள் ஒன்றோடொன்று பின்னி, மாடு மட்டுமன்றி ஆட்டுக்குட்டியும் நுழைய முடியாத அரணாகிவிடும். கோடையில் இலை முழுவதையும் உதிர்த்துச் சாம்பல் நிறக் குச்சிகளாக நிற்கும் வேலி, முதல் மழைக்குப் பின் சில நாள்களிலேயே பச்சையாகிவிடும். ஒரு காலத்தில் இப்பகுதியில் சப்பாத்திக்கள்ளியும் வேலியாகப் பரவியிருந்தது. 1920களில் தென்னிந்தியாவில் விடப்பட்ட ஒருவகைச் செதில் பூச்சி அதனைப் பெருமளவில் அழித்துவிட்டது.

வேலி வலுவாக இருப்பதால் மேய்ப்பவர் உடனிருக்க வேண்டிய தேவை இல்லை. கால்நடைகளை ஒரு காட்டில் விட்டுக் கடவை அடைத்துவிட்டால் போதும். அங்குப் புல் குறைந்ததும் அடுத்த காட்டுக்கு மாற்றுவர். காங்கயம் மாட்டினம் இத்தகைய காடுகளில் வளர்ந்து உரம் பெற்றதாகும். பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும் இதன் கன்றுகள் சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறுகின்றன. காளைகளுக்குத் திமிலும் கழுத்தும் கருமை படர்ந்திருக்கும். நத்தக்காடையூரை அடுத்த பழையகோட்டையின் பட்டக்காரர் குடும்பம் இந்த இனத்தைப் பேணியதற்காக அறியப்பட்டது. சித்திரை மாதத்தில் கண்ணபுரம் மாரியம்மன் கோயிலை ஒட்டி நடக்கும் மாட்டுச் சந்தையில் இவ்வினக் காளைகளை மிகுதியாகக் காணலாம்.

மலையில்லா மலை மிதிவண்டி

மலை மிதிவண்டி 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மாரின் கவுண்டியின் மலைத்தடங்களில் பழைய மிதிவண்டிகளை மாற்றியமைத்து ஓட்டிய இளைஞர்களால் உருவானது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அது போட்டியாகவும் சேர்க்கப்பட்டது. பெயரில் மலை இருப்பினும், அதன் பயன் மலைக்கு மட்டும் உரியதன்று. அகன்ற டயர், குறைந்த காற்றழுத்தம், பல பற்சக்கர மாற்றங்கள் ஆகிய மூன்றும் எந்த மண்பாதைக்கும் ஏற்றவை.

இந்தியாவில் வழக்கமான மிதிவண்டிக்கு 28 அங்குலச் சக்கரமும் ஒன்றரை அங்குல அகல டயரும் இருக்கும். கெட்டியான தடத்தில் அது நன்றாகவே ஓடும். ஆனால் பள்ளங்களில் மணல் சேர்ந்த இடத்தில், குறுகிய டயர் கத்திபோல் மண்ணை வெட்டிக்கொண்டு இறங்கிவிடும். மலை மிதிவண்டியின் டயர் இரண்டு அங்குலத்துக்கும் மேல் அகலமானது. சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அளவுக்குக் காற்றைக் குறைத்து ஓட்டலாம். எடை பரந்த இடத்தில் இறங்குவதால் சக்கரம் புதைவதில்லை. சரளைக் கற்களின் அதிர்வையும் டயரே வாங்கிக்கொள்ளும்.

விலையுயர்ந்த வண்டி கட்டாயம் என்று இதற்குப் பொருளில்லை. தமிழக அரசு 11ஆம் வகுப்பு மாணவர்களுக்கு வழங்கும் விலையில்லா மிதிவண்டிகளில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும், பால் கேனைக் கட்டிக்கொண்டு செல்வோரும் மாற்றுப் பற்சக்கரம் எதுவுமின்றி மண்தடங்களில் ஓட்டியவர்களே. பொழுதுபோக்காக வருபவர் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்.

காற்று

இச்சமவெளியில் மலைக்கு ஈடாக இருப்பது காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் 30 கிலோமீட்டருக்கும் மேலான அகலம் கொண்ட இடைவெளி. வைகாசிக் கடைசி முதல் புரட்டாசி வரை தென்மேற்குக் காற்று இதன் வழியே குவிந்து வீசுகிறது. பூளவாடி, கேத்தனூர், தாராபுரம் வட்டாரங்களில் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் நிறுவப்பட்டதற்குக் காரணம் இதுவே.

காற்று எவ்வளவு வேலை வாங்கும் என்பதைத் தோராயமாகக் கணக்கிடலாம். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 85 கிலோகிராம் எனக் கொள்வோம். சரளை மண்ணின் உருளல் தடைக் கெழு 0.02 எனில், மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் உருளல் தடையை வெல்ல ஏறத்தாழ 70 வாட்டு திறன் தேவை. நிமிர்ந்து அமர்ந்து ஓட்டுபவருக்குக் காற்று வீசாத நாளில் காற்றுத் தடையை வெல்ல மேலும் 20 வாட்டு போதும், மொத்தம் 90. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வீசினால் காற்றுத் தடைக்கு மட்டுமே 110 வாட்டுக்கு மேல் செலவாகி, மொத்தத் தேவை 180ஐத் தாண்டிவிடும். அதே காற்று பின்னாலிருந்து வீசினால் 70 வாட்டுக்கும் குறைவாகவே போதுமானது. 90 வாட்டு என்பது பேசிக்கொண்டே மிதிக்கக்கூடிய அளவு. 180 வாட்டைப் பழக்கமில்லாதவர் நீண்ட நேரம் தர இயலாது.

இங்குதான் கிளுவை வேலியின் மற்றொரு பயன் தெரிகிறது. ஆள் உயர வேலி இருபுறமும் நிற்கும் இட்டேரியில், தரையை ஒட்டிய காற்றின் வேகம் திறந்த வெளியில் இருப்பதைவிடக் குறைவு. தார்ச்சாலையில் காற்றோடு போராடியவர், குறுக்கே செல்லும் இட்டேரிக்குள் நுழைந்ததும் வண்டி தானாக முன்னேறுவது போல் உணர்வார். மண்பாதை தார்ச்சாலையைவிட எளிதாக இருக்கும் வியப்பு ஆனி, ஆடி மாதங்களில் இங்கு நிகழக்கூடியதே. வேலி காற்றுக்கு நேர் குறுக்காக ஓடும்போது இந்த மறைப்பு அதிகம். காற்றின் திசையிலேயே ஓடும் இட்டேரி வெறும் குழாயாகிவிடும்.

முள்

இப்பயணத்தில் உறுதியாகச் சந்திக்க வேண்டியது முள். கிளுவையின் குச்சி நுனிகள் முள்ளாக முடிவன. வெள்வேலின் வெண்முட்கள் இரட்டையாக நிற்பன. வேலி வெட்டிய நாள்களில் இவை தடத்தில் சிதறிக் கிடக்கும். தென் அமெரிக்கப் பகுதிகளிலிருந்து வந்து தமிழகமெங்கும் பரவிய சீமைக்கருவேலின் முள் இவை எல்லாவற்றையும்விட உறுதியானது. காலணியின் அடிப்பாகத்தையும் துளைத்துவிடும்.

அளவில் சிறியதாயினும் நெருஞ்சி முள்ளே மிதிவண்டிக்குப் பெரும் பகை. தரையோடு படரும் இச்செடியின் காய், எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளேனும் மேல்நோக்கி நிற்கும்படி அமைந்தது. மேற்கு அமெரிக்காவின் வறண்ட மாநிலங்களில் மிதிவண்டி ஓட்டுவோர் ஆட்டுத்தலை என்று பெயரிட்டுத் திட்டுவதும் இதே செடியைத்தான். அங்கு அது வெளியிலிருந்து போய்ச் சேர்ந்த களை.

பஞ்சர் ஒட்டும் பசை, மாற்றுக் குழாய், கைப்பம்பு ஆகிய மூன்றும் இல்லாமல் இட்டேரிக்குள் செல்லலாகாது. குழாயற்ற டயரில் ஊற்றப்படும் அடைப்புப் பால் சிறு துளைகளைத் தானே மூடிவிடும். குழாய் உள்ள டயர்களிலும் இதனை ஊற்றுவோர் உண்டு. டயரில் முள் தைத்திருப்பதைக் கண்டால் உடனே பிடுங்காமல், நிழலும் உட்காரும் இடமும் கிடைக்கும் வரை விட்டுவைப்பது நல்லது. பல வேளைகளில் முள்ளே துளைக்கு அடைப்பாக இருக்கும்.

பயணம் செய்யும் முறை

ஏற்ற காலம் ஐப்பசி மழை தணிந்த பின் தொடங்கி மாசி வரை. அப்போது புல் பசுமையாகவும், வேலியில் பிரண்டை, கோவை, சங்குப்பூ, வேலிப்பருத்தி, குன்றிமணி ஆகிய கொடிகள் படர்ந்தும் இருக்கும். பங்குனி முதல் வெயில் கடுமையாகிவிடும். அம்மாதங்களில் காலை 9 மணிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். தொடக்க நிலையாளருக்கு 20 முதல் 25 கிலோமீட்டர் போதுமான தொலைவு. நின்று பார்த்துச் சென்றால் இதற்கு மூன்று மணி நேரம் ஆகும். ஒருவருக்கு இரண்டு லிட்டர் நீரேனும் வேண்டும், ஏனெனில் காட்டுக்கு நடுவே கடைகள் இல்லை.

காற்றுக் காலத்தில் செல்பவர் முதல் பாதியை மேற்கு நோக்கி வைத்துக்கொள்வது வழக்கமாக உதவும். விடியலில் காற்று மெலிந்திருக்கும். வெயில் ஏறக் காற்றும் ஏறும். திரும்பும்போது அது முதுகில் தள்ளும்.

செய்மதிப் படங்களில் கொறங்காடுகள் வேலிக் கோடுகளால் பிரிந்த கட்டங்களாகத் தெளிவாகத் தெரிகின்றன. எனினும் இரு வேலிகளுக்கு இடையே தெரியும் கோடு எல்லாம் வழியாகிவிடாது. சில இட்டேரிகள் ஒரு சாளையின் வாசலில் முடிந்துவிடும். சாளை என்பது காட்டுக்குள் அமைந்த குடியிருப்பு வீடு. அத்தகைய இடத்தில் வீட்டாரிடம் கேட்பதே முறை: "ஏனுங்க, இந்தத் தடம் எங்கீங்க போகுது?" விடையுடன் தண்ணீரோ மோரோ கிடைப்பதும் அரிதன்று. ஆனால் "ஒரு கூப்பிடு தூரமுங்க" என்று சொல்லப்படும் தொலைவைக் கிலோமீட்டராக மாற்ற முயலக் கூடாது.

ஆபத்துகளில் முதலில் கருத வேண்டியது கிணறு. கைப்பிடிச் சுவர் இல்லாத பெரிய திறந்த கிணறுகள் தடத்தை ஒட்டியே இருப்பதுண்டு. அவற்றின் விளிம்பைப் புல் மறைத்திருக்கும். இருட்டில் அறியாத இட்டேரிகளில் ஓட்டக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும். ஊரார் சொல்லும் முனிக் கதைகளும் பிள்ளைகளை இரவில் அங்கிருந்து விலக்கியே வைத்தன. அடுத்தது நாய்கள். ஆட்டுப்பட்டியைக் காக்கும் நாய் ஓடும் மிதிவண்டியைத் துரத்தும். இறங்கி வண்டியை இடையில் நிறுத்தி நடந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். சுருட்டை விரியன் உள்ளிட்ட பாம்புகள் வேலியடியில் இருக்கக் கூடும் என்பதால் வேலிக்குள் கை விடுவதும், வெறுங்காலுடன் நடப்பதும் தவிர்க்கத் தக்கவை.

கொறங்காட்டுக்குள் உரிமையாளரின் இசைவின்றி நுழைதல் கூடாது. இசைவு பெற்று நுழைந்தால், கடவில் உள்ள படலைத் திறந்தபடி விடாமல் மீண்டும் சாத்த வேண்டும். திறந்து கிடக்கும் ஒரு படலால் ஒரு மாட்டுக் கூட்டமே அடுத்தவர் வெள்ளாமையில் இறங்கிவிடும். ஆடுகள் எதிர்ப்பட்டால் நின்று வழிவிடுவதே முறை. மணியடித்தால் அவை மிரண்டு வேலியில் மோதும்.

வழியில் காணக்கூடிய உயிரினங்கள் பல. கவுதாரி வேலியடியிலிருந்து சட்டென எழுந்து பறக்கும். ஆள்காட்டிக் குருவி தன் முட்டை இருக்கும் இடத்தை விட்டு ஆளை வேறு பக்கம் இழுக்கக் கூச்சலிடும். பனங்காடை மின்கம்பியில் அமர்ந்திருக்கும்போது மங்கலாகவும், சிறகை விரித்ததும் நீலமாகவும் தெரியும். மயில், கீரி, முயல், உடும்பு ஆகியவையும் உண்டு. இவற்றில் பல புல்லில் இரை தேடி வேலியில் ஒளிந்துகொள்பவை.

மறைந்துவரும் தடங்கள்

கொறங்காட்டின் பொருளாதாரம் எருதின் உழைப்பை நம்பி எழுந்தது. காங்கயம் எருதுகள் ஏர் உழுதன. பார வண்டி இழுத்தன. கவலை ஏற்றத்தில் கிணற்று நீரை இறைத்தன. 1930களில் பைக்காரா நீர்மின் திட்டத்தின் மின்சாரம் கோயம்புத்தூர்ப் பகுதிக்கு வந்த பின் கவலையின் இடத்தை மெல்ல மின் இறைப்பி பிடித்தது. பின்னர் உழவு இழுவை உந்துக்கும், பாரம் லாரிக்கும் போயின. பாலுக்குக் கலப்பின மாடுகள் வந்தன. எருதுக்கு வேலை இல்லாதபோது எருது வளர்க்கும் காட்டுக்கும் மதிப்புக் குறைந்தது.

மறுபுறம், மேய்ச்சல் நிலமாக மலிவாக மதிக்கப்பட்ட அதே காடு, காற்றாலைக்கும் அண்மைக் காலத்தில் சூரிய மின்தகட்டுப் பண்ணைகளுக்கும், நகரை ஒட்டிய இடங்களில் வீட்டு மனைகளுக்கும் ஏற்ற நிலமாயிற்று. சமதளம், குறைந்த மரம், குறைந்த விலை ஆகியவை மிதிவண்டிக்கும் மேய்ச்சலுக்கும் உகந்தது போலவே இவற்றுக்கும் உகந்தவை. இவற்றுள் காற்றாலைக்கு நடுவே மாடு மேய்வது இயலும். பல இடங்களில் மேயவும் செய்கிறது. மின்தகடுகளை நெருக்கமாக அடுக்கிய நிலத்திலும் மனைப்பிரிவிலும் அது இயலாது.

காடு கைமாறியதும் முதலில் போவது வேலி. புதிய உரிமையாளருக்குக் கிளுவை வேலி இடத்தை அடைக்கும் புதர். பொக்லைன் ஒரு நாளில் அதனைப் பிடுங்கிவிடும், இடத்தில் கல்தூணும் முள்கம்பியும் வரும். வேலி பேணப்படாமல் கைவிடப்பட்ட இடங்களில் சீமைக்கருவேல் நுழைந்து தடத்தையே மூடிவிடுகிறது. ஊருக்குச் சாலை வேண்டும் என்ற நியாயமான தேவையால் அகலப்படுத்தித் தார் இடப்பட்ட இட்டேரிகளும் பல. கம்பி வேலியில் கோவைக்கொடி ஏறலாம். கவுதாரி கூடு கட்டாது, காற்றும் தடைபடாது.

காங்கயம் மாட்டின் மீது 2017ஆம் ஆண்டின் சல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பின் பொதுமக்களின் கவனம் மிகுந்தது. காங்கயம் அருகே குட்டப்பாளையத்தில் இயங்கும் சேனாபதி காங்கயம் கால்நடை ஆராய்ச்சி மையம் அதற்கு முன்பிருந்தே இனத்தையும் மேய்ச்சல் நிலத்தையும் ஒருசேரக் காக்க வேண்டும் என்று வலியுறுத்தி வந்துள்ளது. மாட்டுக்குக் கிடைத்த இந்தக் கவனம் இட்டேரிக்குக் கிடைக்கவில்லை.

சட்டப்படி இட்டேரிகள் அனைத்தும் ஒரே நிலையில் இல்லை. வருவாய்த் துறையின் புலப்படத்திலும் பதிவேட்டிலும் வண்டிப்பாதைப் புறம்போக்கு எனக் குறிக்கப்பட்டவை அரசு நிலம். அவற்றை அடைத்தால் 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி வட்டாட்சியர் நடவடிக்கை எடுக்கலாம். அண்டை நிலத்தார் இருவரும் தத்தம் பட்டாவில் சில அடிகள் விட்டு உருவாக்கிய தடங்களுக்குப் பதிவேட்டில் தனி எண் இல்லை. அவற்றுக்குச் சான்று நீண்ட காலப் பயன்பாடும், நடந்தவர்களின் வாய்மொழியும், இருபுறமும் நிற்கும் கிளுவை வரிசையுமே. வேலி பிடுங்கப்பட்ட பின் அத்தகைய தடம் இருந்தது என்று காட்டுவது கடினம்.